கிரெடிட் கார்டு பாதுகாப்பு: விலைக்கு விற்கும் திட்டமும் சும்மா கிடக்கும் சுவிட்சுகளும்

புதுக் கிரெடிட் கார்டு கைக்கு வந்த சில நாட்களில் ஓர் அழைப்பு வரும். “சார், உங்க கார்டுக்கு ப்ரொடெக்‌ஷன் பிளான் போட்டுடலாமா? ஆன்லைன்ல ஏமாந்துட்டாக்கூட கவர் இருக்கு.” பேசுகிறவர் வங்கி ஊழியராக இருக்க வேண்டியதில்லை, வங்கியோடு ஒப்பந்தம் போட்ட நிறுவனத்தின் டெலிகாலராகவும் இருக்கலாம். ஆண்டுச் சந்தா ஆயிரம் ரூபாய்க்கு மேல். சரி என்று வாய்தவறிச் சொன்னாலும் அடுத்த பில்லில் ஏறிவிடும்.

அந்தத் திட்டத்தையும், இந்தியக் கிரெடிட் கார்டுகளில் காசில்லாமலே இருக்கிற பாதுகாப்பு வசதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் விமர்சனம் இது. ஓடிடி சந்தா, சாஃப்ட்வேர், வெப் ஹோஸ்டிங், ஆன்லைன் வகுப்பு, கேம் என்று இணையச் சேவைகளுக்குக் கார்டில் பணம் கட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இலவச வசதிகளுக்கு ஐந்துக்கு நான்கு மார்க். விலைக்கு விற்பதற்கு இரண்டே அதிகம். ஐந்தில் குறைகிற அந்த ஒரு மார்க் எங்கே போகிறது என்பதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலைக்கு விற்கும் திட்டம்

உள்ளே இருப்பவை பொதுவாக நான்கு. பர்ஸ் தொலைந்தால் ஒரே அழைப்பில் எல்லா வங்கிக் கார்டுகளையும் பிளாக் செய்வது. வெளியூரில் மாட்டிக்கொண்டால் ஹோட்டல் பில்லுக்கும் டிக்கெட்டுக்கும் முன்பணம் (பிறகு திருப்பிக் கட்ட வேண்டும்). தொலைந்த பான் கார்டுக்கு மாற்று வாங்க உதவி. நான்காவது, மோசடி இழப்புக்குக் காப்பீடு.

ஆன்லைன் செலவுக்கு இவற்றில் முதலாவதும் நான்காவதும்தான் பொருந்தும். முதலாவதைப் பணம் கொடுத்து வாங்க அவசியமில்லை. ஒவ்வொரு வங்கி ஆப்பிலும் கார்டை ஒரே நிமிடத்தில் பிளாக் செய்யலாம். இரண்டு மூன்று கார்டுகள் இருந்தாலும் ஐந்து நிமிட வேலை. நான்காவதில்தான் சூட்சுமம். நீங்கள் ஓடிபி கொடுக்காமலே பணம் போயிருந்தால், அந்த இழப்பில் பெரும்பகுதி ரிசர்வ் வங்கி விதிப்படி ஏற்கெனவே உங்கள் தலையில் விழாது (கணக்கு கீழே வருகிறது). ஆக, திட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதென்றால் நீங்களே ஏமாந்து ஓடிபியைக் கொடுத்த சம்பவத்துக்கு அது பணம் தருமா என்பதில்தான் இருக்கிறது. சில திட்டங்கள் தரும் என்கின்றன. வாங்கும் முன் நிபந்தனைப் பக்கத்தை மெயிலில் அனுப்பச் சொல்லி நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: ஓடிபி, பின் பகிர்ந்த சம்பவத்துக்கு கவர் உண்டா; எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; விளம்பரத்தில் காட்டும் பெரிய தொகைக்குள் ஆன்லைன் மோசடிக்கென்று தனிச் சிறு உச்சவரம்பு இருக்கிறதா; எஃப்ஐஆர் கட்டாயமா. அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டெலிகாலர் பக்கத்தை அனுப்ப மாட்டேன், போனிலேயே சம்மதம் சொல்லுங்கள் என்றால் அங்கேயே விஷயம் முடிந்தது.

இந்த வியாபாரத்துக்குப் பழைய வரலாறும் உண்டு. பிரிட்டனில் சிபிபி என்ற நிறுவனம் இதேபோன்ற கார்டு பாதுகாப்புத் திட்டத்தை லட்சக்கணக்கானவர்களுக்கு விற்றது. 1 லட்சம் பவுண்டு வரை கவர் என்பது அதன் பெரிய கவர்ச்சி. அந்த இழப்பை வங்கிகளே ஏற்க வேண்டும் என்று விதி இருந்ததால் வாடிக்கையாளருக்கு அந்தக் கவரே தேவைப்படவில்லை. 2012 நவம்பரில் அந்நாட்டு நிதிச் சேவை ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 1.05 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. மறு ஆண்டு, விற்றுக்கொடுத்த வங்கிகளும் சேர்ந்து வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடு கொடுக்க ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடிக்கடி பயணம் போகிற, ஐந்தாறு கார்டு வைத்திருக்கிற ஆளுக்கு முன்பண வசதி எப்போதாவது உதவலாம். ஆன்லைன் பாதுகாப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

ஆன்–ஆஃப் சுவிட்சும் உச்சவரம்பும்

கார்டுப் பாதுகாப்பில் ஆகச் சிறந்த வசதி இதுதான், ஆகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவால் வந்தது. புதுக் கார்டு உள்நாட்டு ஏடிஎம், கடை மெஷின் இரண்டுக்கு மட்டும் திறந்த நிலையில் வர வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, டேப் செய்து கட்டுவது மூன்றையும் வாடிக்கையாளர்தான் திறந்துகொள்ள வேண்டும். ஆப், நெட்பேங்கிங் வழியாக எந்த நேரத்திலும் திறக்கலாம், மூடலாம், தொகையை மாற்றலாம்.

விதி நல்ல விதி. நடைமுறையில், கார்டை ஆக்டிவேட் செய்யும் திரையிலேயே ‘எல்லாவற்றையும் அனுமதி’ என்று ஒரு பெரிய பொத்தான் இருந்தால் பலரும் அதை அழுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆகவே உங்கள் ஆப்பில் ‘மேனேஜ் கார்ட்’ அல்லது ‘கார்டு கண்ட்ரோல்’ என்ற இடத்துக்கு இப்போதே ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்நாடு, வெளிநாடு என இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் ஏடிஎம், கடை, ஆன்லைன், டேப் என வரிசையாக இருக்கும். இணையச் சேவைக்கு மட்டும் கார்டைப் பயன்படுத்துகிறவருக்கு இப்படி வைத்தால் சரியாக இருக்கும்: வெளிநாட்டுப் பகுதி முழுக்க ஆஃப். இரண்டு பகுதியிலும் ஏடிஎம் ஆஃப் (கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது அன்றே வட்டி ஏறும் வேலை). உள்நாட்டு ஆன்லைன் ஆன். உச்சவரம்பு உங்கள் மாதச் சந்தாக்களில் பெரியது எவ்வளவோ அதற்குக் கொஞ்சம் மேலே. ஓடிடிக்கும் ரீசார்ஜுக்கும் மட்டும் என்றால் 3,000 ரூபாய் போதும். போன் வாங்கும் நாளன்று 30,000 ஆக்கிவிட்டு, வாங்கியதும் இறக்கிவிடலாம். உச்சவரம்பு ஒரு பரிவர்த்தனைக்கா, ஒரு நாளைக்கா என்பது வங்கிக்கு வங்கி மாறும். பரிவர்த்தனைக்கு மட்டும் என்றால் 3,000 வீதம் பத்து முறை போகலாம் என்று அர்த்தம். அதைப் பார்த்து வையுங்கள்.

சுவிட்சால் ஆகாதவையும் உண்டு. ஏற்கெனவே அனுமதி பெற்று ‘பெண்டிங்’ என்று நிற்கும் தொகையை அது நிறுத்தாது. கடைக்காரர் அதை வசூல் செய்துகொள்ளலாம். மாதாமாதம் தானாகப் போகும் சந்தாவை நிறுத்துவதற்கும் சுவிட்சை நம்பக்கூடாது, அதற்கு வேறு இடம் இருக்கிறது. ரீஃபண்ட் மட்டும் சுவிட்ச் மூடியிருந்தாலும் வந்துசேரும்.

ஓடிபி காவல் இல்லாத வாசல்

குறைகிற அந்த ஒரு மார்க் இங்கேதான் போகிறது. உள்நாட்டு ஆன்லைன் செலவுக்குக் கூடுதல் சரிபார்ப்பு 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். இதனால் ‘ஓடிபி இல்லாமல் என் கார்டில் பணம் எடுக்கவே முடியாது’ என்ற நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. வெளிநாட்டில் கணக்கு வைத்துப் பணம் வசூலிக்கும் தளத்துக்கு அந்தக் கட்டாயம் பொருந்தாது. கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி மூன்றும் இருந்தால் போதும். சிவிவி கூடக் கேட்காத கடைகள் இருக்கின்றன.

இதைத் திருடர்கள் பயன்படுத்தும் முறை பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். முதலில் 1 டாலர், அல்லது அதைவிடச் சிறிய தொகை, பெரும்பாலும் நடுராத்திரியில். கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கம் வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பது. மீதியைக் கணக்குப் போட்டு உருவாக்கி, காலாவதி மாதத்தை மாற்றி மாற்றி முயன்று, எது உயிரோடு இருக்கிறது என்று இந்தச் சிறு தொகையால் சோதிக்கிறார்கள். கார்டை எங்கேயுமே பயன்படுத்தாதவருக்கும் இப்படி மெசேஜ் வரக் காரணம் இதுதான். ‘எண்பது தொண்ணூறு ரூபாய்தானே’ என்று விட்டால் அடுத்தது ஐந்நூறு டாலராக வரும். அந்த மெசேஜ் ‘டிக்ளைன்டு’ என்று வந்தாலும் அலட்சியம் கூடாது. எண் யாரிடமோ இருக்கிறது. உச்சவரம்பைக் குறைப்பது தீர்வாகாது. வெளிநாட்டு ஆன்லைனை ஆஃப் செய்துவிட்டு, கார்டை நிரந்தரமாக பிளாக் செய்து புது எண்ணில் மாற்றுக் கார்டு கேளுங்கள்.

எந்தத் தளம் வெளிநாடு என்பது விலைப்பட்டியலைப் பார்த்தால் தெரியாது. ரூபாயில் விலை காட்டிவிட்டு சிங்கப்பூரிலோ அயர்லாந்திலோ வசூல் செய்கிற சேவைகள் நிறைய. ஓடிபி திரையே வராமல் பணம் போனால் அது வெளிநாட்டு வசூல் என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பில்லில் அதற்குக் கீழே கூடுதல் கட்டணமும் ஏறியிருக்கும். பல கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்-அப் 3.5 விழுக்காடு, அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 4.13 விழுக்காடு. 1,800 ரூபாய்ச் சந்தாவுக்கு 74 ரூபாய் சொச்சம் கூட. ரீஃபண்ட் வரும்போது அன்றைய டாலர் விலையில்தான் வரும், மார்க்-அப் திரும்புவதும் அரிது. பத்து இருபது ரூபாய் குறைந்தால் அது மோசடி அல்ல.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஓடிபி இல்லாமல் போன பணம் திருடுவதற்கு எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதற்கும் அவ்வளவு சுலபம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில், கடை கூடுதல் சரிபார்ப்பு செய்யாமல் பணம் எடுத்திருந்தால் மோசடி நஷ்டம் பெரும்பாலும் கடையின் பொறுப்பு. ஓடிபி போட்டு நடந்திருந்தால் அந்தப் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்கு மாறுகிறது; வங்கி உடனே ‘ஓடிபி சரியாகப் போடப்பட்டிருக்கிறதே’ என்று உங்கள் பக்கம் திரும்பும். பில்லில் வெளிநாட்டுத் திருட்டைக் கண்டு இடிந்துபோகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் புகாரைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளில் இதற்கும் ஒரு பகுதி இருக்கிறது: வெளிநாட்டுக் கடை கூடுதல் சரிபார்ப்பைக் கேட்டால் அதைச் செய்துகொடுக்கும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1-க்குள் வங்கிகள் வைத்திருக்க வேண்டும். ‘கேட்டால்’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சுவிட்சை மூடி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட இது காரணம் அல்ல.

வெளிநாட்டுச் சேவை கட்டாயம் தேவைப்படுகிறவர்கள் (ஹோஸ்டிங், டிசைன் சாஃப்ட்வேர், ஏஐ கருவிகள்) அதற்கென்று தனிக் கார்டு வைப்பதே நல்லது. நிரந்தர வைப்பின் பேரில் தரும் கிரெடிட் கார்டு இதற்கு மிகப் பொருத்தம். வைப்புத்தொகையில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. இருபதாயிரம் ரூபாய் டெபாசிட் போட்டால் போகக்கூடியதும் அந்த அளவுக்குள்தான். சம்பளக் கணக்கோடு சேர்ந்த நான்கு லட்சம் ரூபாய்க் கார்டை ஒரு இருபது டாலர் சந்தாவுக்காக வெளிநாட்டுத் தளத்தில் பதிந்து வைப்பது தேவையில்லாத ஆபத்து.

டோக்கன்

பணம் கட்டும் பக்கத்தில் ‘ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டைப் பாதுகாக்கவும்’ என்று டிக் செய்யச் சொல்லி ஒரு கட்டம் வருமே, அதுதான். 2022 அக்டோபர் 1 முதல் இந்தியக் கடைகளும் பேமென்ட் நிறுவனங்களும் உங்கள் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது. கடைசி நான்கு இலக்கமும் வங்கிப் பெயரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் போகும். ஒரு கடைக்கு உருவான டோக்கன் இன்னொரு கடையில் செல்லாது. நாளை அந்தக் கடையின் தகவல் கசிந்தாலும் திருடனுக்குக் கிடைப்பது வேறெங்கும் செல்லாத எண்.

டிக் செய்வதா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் அதிகம். அடிக்கடி வாங்கும் இந்தியக் கடை என்றால் டிக் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பதினாறு இலக்கத்தைத் தட்டச்சு செய்வதை விட அதுதான் பாதுகாப்பு. ஒருமுறை மட்டும் வாங்கும் கடையில் தேவையில்லை. டோக்கன் இருந்தால் சில தளங்கள் சிவிவி கேட்காது. பதற வேண்டாம், ஓடிபி கேட்கும். எந்தெந்தக் கடைக்கு டோக்கன் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வங்கி ஆப்பில் கிடைக்கும், அங்கேயே நீக்கவும் செய்யலாம். தூக்கிப்போட்ட பழைய ஆப்களின் பெயரெல்லாம் அதில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

வெளிநாட்டுத் தளங்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. அங்கே ‘சேவ் கார்ட்’ என்றால் கார்டு எண்தான் சேமிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேன்டேட்: ஒரு ரூபாய்க்குப் பின்னால் 15,000

தொடர் சந்தாவுக்குத் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுக்கும் அனுமதிதான் மேன்டேட். அதற்கான விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யும்போது ஒருமுறை ஓடிபி. அதன்பிறகு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் ஓடிபி இல்லாமலே போகும். முதலில் 5,000 ஆக இருந்ததை 2022 ஜூனில் உயர்த்தினார்கள். மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் பிரீமியம், கிரெடிட் கார்டு பில் மூன்றுக்கும் 1 லட்சம் வரை. பணம் போவதற்கு 24 மணி நேரம் முன்பாக வங்கி மெசேஜ் அனுப்ப வேண்டும், அதில் வேண்டாம் என்று சொல்லும் வழியும் இருக்க வேண்டும்.

‘ஏழு நாள் இலவசம், ஒரு ரூபாய் மட்டும்’ என்ற விளம்பரத்தில் நடப்பது இதுதான். ஓடிபி மெசேஜில் 1 ரூபாய் என்று இருக்கும், கை தானாக எண்ணை அடிக்கும். ஆனால் ஓடிபி பக்கத்திலோ அதற்கு முந்தைய பக்கத்திலோ சின்ன எழுத்தில் மூன்று வரி இருக்கும்: அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை. அதிகபட்சம் 15,000, ‘தேவைப்படும்போது’, முடிவுத் தேதி பத்தாண்டு கழித்து என்று இருந்தால், மாதம் 199 ரூபாய்ச் சேவைக்கு நீங்கள் கையெழுத்துப் போடுவது அதற்குத்தான். சந்தா விலையும் அதிகபட்சமும் ஒட்டியிருக்கும் சேவையை நம்பலாம். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் யுபிஐ வழியாகவோ வேறு வழியிலோ ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள்.

ரத்து செய்வதில் நடக்கும் தவறு வரிசைமுறையில். முதலில் சேவையின் தளத்தில் சந்தாவை ரத்து செய்து, உறுதி மெயில் வந்ததைப் பார்க்க வேண்டும். பிறகு வங்கியின் மேன்டேட் பக்கத்தில் மேன்டேட்டை நீக்க வேண்டும். மேன்டேட்டை மட்டும் நீக்கினால் பணம் போகாது, சந்தா மட்டும் கணக்கில் உயிரோடு நிற்கும். சில நிறுவனங்கள் பாக்கி என்று துரத்தும். சந்தாவை மட்டும் ரத்து செய்தால் மேன்டேட் சும்மா திறந்து கிடக்கும். மேன்டேட் பட்டியல் சில வங்கிகளில் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. வேறு சில வங்கிகள் இதற்கென்று உள்ள தனித் தளத்துக்கு அனுப்பும். அங்கே வங்கியின் தளத்தில் உள்ள இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும், கூகுளில் தேடிப் போகக்கூடாது. ஆப்பை போனிலிருந்து அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நிற்காது.

வெளிநாட்டுத் தொடர் சந்தாவும் விதிப்படி இதற்குள்தான் வர வேண்டும். அதற்கு ஒத்துப்போகாத தளங்களின் மாதப் பற்று திடீரென்று மறுக்கப்படுவது அதனால்தான். அதே தளம் சாதாரணப் பரிவர்த்தனைபோல அனுப்பினால் போய்விடவும் கூடும், முன்னறிவிப்பு மெசேஜும் இருக்காது. இங்கேயும் வெளிநாட்டு சுவிட்ச்தான் கைகொடுக்கிறது.

ஓடிபியை நாமே கொடுக்கும் வழிகள்

இதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகப் போகலாம். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், கார்டின் பின்பக்கம் இருக்கிறது. வங்கித் தளங்கள் இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிகின்றன. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்று உத்தரவு. ரிவார்டு பாயின்ட் இன்று இரவோடு காலாவதி என்று வேறு ஏதோ முகவரியுடன் வரும் இணைப்பை அழித்துவிடலாம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருக்கிறதே என்பது வேலிக்கு ஓணான் சாட்சி சொல்வது போலத்தான். திருட்டுத் தளத்துக்கும் அந்தப் பூட்டு கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) நிறுவினால் அது உங்கள் மெசேஜைப் படித்து ஓடிபியை அனுப்பிவிடும், நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் அது உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் கட்டளை. தெரியாமல் அழுத்தியிருந்தால் ##002# அழுத்தி எல்லாத் திருப்பலையும் நீக்கலாம்.

ஓடிபி மெசேஜில் எண்ணை மட்டும் பார்க்காமல், தொகையையும் கடைப் பெயரையும் படியுங்கள். ‘ரீஃபண்டுக்கு’ என்று சொல்லி வரும் ஓடிபியில் 24,999 ரூபாய் என்று இருப்பதைப் படித்திருந்தால் தப்பித்திருக்கக் கூடியவர்கள் ஏராளம். பணம் வாங்குவதற்கு ஓடிபி தேவையே இல்லை.

பணம் போய்விட்டால்

முதலில் ஆப்பில் கார்டை பிளாக் செய்யுங்கள். அடுத்து வங்கிக்குத் தெரிவித்து, புகார் எண் வாங்குங்கள். போனில் சொன்னாலும் அதே விவரத்தை மெயிலில் அனுப்பி வையுங்கள், நேரம் பதிவாகிவிடும். பிறகு சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, சைபர் குற்றத் தேசியத் தளத்தில் பதியுங்கள். பணம் வாலட்டிலோ இன்னொரு கணக்கிலோ நிற்கும் முதல் சில மணி நேரத்தில்தான் அந்த எண்ணால் அதிகப் பலன்.

நஷ்டத்தில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்ற கணக்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வந்தது. தவறு வங்கியுடையது என்றால் எப்போது சொன்னாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, நடுவில் எங்கோ கசிந்தது என்றால், மெசேஜ் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் திரும்பும். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை கடன் உச்சவரம்பு (வங்கி கொடுத்த கிரெடிட் லிமிட்) உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட கார்டுக்கு 25,000 ரூபாயும் உங்கள் தலையில். அதற்கும் பிந்தினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்களுடையது. புகார் செய்த பிறகு போவது வங்கியுடையது. ஆகவே ஏமாந்தது உங்கள் தவறே ஆனாலும் உடனே புகார் செய்வதில் பணம் இருக்கிறது.

3 லட்சம் கடன் உச்சவரம்புக் கார்டில் 48,000 போனது என்று வைப்போம். மெசேஜ் வெள்ளி இரவு வந்தது, மறுநாள் இரண்டாம் சனி. மெசேஜ் வந்த நாள் கணக்கில் வராது, சனி ஞாயிறு விடுமுறை, ஆக திங்கள் முதல் நாள், புதன் மூன்றாவது நாள். புதனுக்குள் சொன்னால் 48,000-மும் வரும். வியாழன் சொன்னால் 38,000. புகார் சொன்ன பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே.

புகார் படிவத்தில் காரணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறைய நல்ல புகார்கள் தோற்கின்றன. நீங்களே ஓடிபி போட்டு வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்றால் அது மோசடி அல்ல, ‘சேவை வழங்கப்படவில்லை’. ரத்து செய்த பிறகும் பணம் போனால் ‘ரத்தான தொடர் சந்தா’. கோபத்தில் ‘இது நான் செய்த பரிவர்த்தனையே இல்லை’ என்று டிக் செய்தால், வங்கி ஓடிபி பதிவைக் காட்டி அன்றே மூடிவிடும். கார்டையும் பிளாக் செய்துவிடும். சரியான காரணத்தோடு மூன்று ஆதாரம் இணையுங்கள்: ரத்து உறுதி மெயில், வாங்கிய நாளன்று தளத்தில் இருந்த விலை மற்றும் ரீஃபண்ட் நிபந்தனையின் ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்திடம் முதலில் கேட்டுப் பார்த்ததற்கான மெயில். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் பல வங்கிகள் படிவத்தைத் திருப்பி அனுப்பும். கார்டு நிறுவனங்களின் காலக்கெடு பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் என்றாலும் வங்கிகள் அதற்கு முன்பே கேட்கும். பில் வந்த மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

புகார் விசாரணையில் இருக்கும்போது பில்லை என்ன செய்வது? மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, முடிவு தெரியும் வரை வங்கி கட்டணம் எதுவும் போடக்கூடாது என்பது விதி. மற்ற வகைப் புகார்களில் அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்காமல் மீதித் தொகையைக் கட்டாயம் கட்டிவிடுங்கள். தற்காலிக வரவைச் செலவழிக்கவும் வேண்டாம். கடை சரியான ஆதாரம் காட்டினால் அது திரும்பப் பற்று வைக்கப்படும்.

முப்பது நாளில் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் ஒப்பவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஆன்லைனிலேயே பதியலாம். சந்தேகம் கேட்க 14448. வங்கிக்கு எழுதிய மெயிலும் புகார் எண்ணும் இல்லாமல் போனால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோபத்தில் கார்டையே மூடச் சொல்லி எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். புகார் முடியும் வரை கணக்கு இருக்கட்டும், எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு மூடச் சொன்னால், பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளுக்குள் வங்கி மூட வேண்டும்; தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.